காம்போடு ஒரு பூ

திருவண்ணாமலையில் பூவுக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சமெல்லாம் காம்புக்குத்தான்.

விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். சாமந்தி மூட்டை மூட்டையாக இறங்கும். சம்பங்கி, அரளி, கோழிக்கொண்டை, மல்லி, முல்லை, ரோஜா என்று தரையெல்லாம் குவிந்து கிடக்கும். அத்தனையும் கழுத்தோடு கிள்ளி எடுத்த பூக்கள். மாலைக்கு வரும் ரோஜாகூடத் தலை மட்டும்தான். மொத்தமாக வாங்கினால் கிலோ, சில்லறையாக வாங்கினால் முழம். நாரில் வைத்துக் கட்டக் காம்பு ஒரு விரற்கடை இருந்தால் போதும். அதற்கு மேல் நீளம் இருந்தால் அது கழிவு. பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் விலை ஏறுகிறதே, அப்போது ஏறுவதும் இந்தத் தலைப்பூவின் விலைதான்.

அந்த மார்க்கெட்டில் நின்றுகொண்டு, “முழங்கை நீளக் காம்போட ஒரே ஒரு சாமந்தி கிடைக்குமா?” என்று கேட்டால் பூக்காரம்மா நிமிர்ந்து பார்ப்பார். “காம்போட என்னாத்துக்கும்மா? கட்ட வராதே!”

நியாயமான கேள்வி. கட்டுவதற்கு அல்ல, நிறுத்துவதற்கு. ஜப்பானியர்கள் 500 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிவரும் இகெபானா என்ற மலர் அமைப்புக் கலைக்குக் காம்புதான் முதல் தேவை. பூ அதன் பிறகுதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிற வேங்கிக்காலில், வேலூர் சாலையின் சத்தம் கேட்கும் ஒரு வீட்டுக் கூடத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இந்தக் கலையைப் பழகுகிறோம். பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், கல்லூரி மாணவிகள், நர்சரித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் என்று கலவையான கூட்டம். சொல்லிக் கொடுக்கும் அக்கா வெளியூரில் வேலையில் இருந்த காலத்தில் சோகெட்சு என்ற இகெபானா பள்ளியின் வழியில் முறையாகப் பயின்றவர். பெயர் போட வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

மூன்று குச்சிகள்

முதல் பாடத்தில் பூவையே கண்ணில் காட்டமாட்டார்கள். ஒரு தட்டைத் தட்டு, அதில் விளிம்பு வரை தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கனத்த ஈயக் கட்டி. அந்தக் கட்டியின் மேல்புறம் முழுக்கப் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். இதற்குக் கென்ஸான் என்று பெயர். குச்சியை இதில் குத்தி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

சோகெட்சுவில் மூன்று முதன்மைக் கிளைகள்: ஷின், சோஎ, ஹிகாஎ. ஷின்தான் நெடியது. அதன் நீளத்துக்குக் கணக்கு உண்டு. தட்டின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் தட்டு 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழம். கூட்டினால் 35, ஷின் 52 சென்டிமீட்டர் சொச்சம். சோஎ அதில் முக்கால் பங்கு, ஏறக்குறைய 39. ஹிகாஎ சோஎவில் முக்கால், சுமார் 29. நிமிர்ந்த பாணியில் ஷின் செங்குத்துக் கோட்டிலிருந்து 15 பாகை சாய்ந்து நிற்கும், சோஎ 45, ஹிகாஎ 75. இந்த மூன்றும் அமைந்த பிறகு இடையில் சேர்க்கும் துணைக் காம்புகளுக்கு ஜூஷி என்று பெயர். அதற்கு எண்ணிக்கை கட்டுப்பாடில்லை. ஆனால் எதுவும் தன் முதன்மைக் கிளையை மிஞ்சி உயரக் கூடாது.

இவ்வளவு கணக்கா என்று தோன்றும். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ளப் போன குழந்தைக்கு முதலில் சரளி வரிசை சொல்லிக் கொடுப்பதைப் போலத்தான் இது. கை பழகும்வரை கணக்கு. பழகிய பிறகு கணக்கை விட்டுவிடலாம்.

கணக்கு சரியாக இருந்தும் கிளை நிற்க மறுக்கும். ஏனென்றால் எந்தக் கிளையும் நேர்க்கோடு அல்ல. புங்கங்கிளை ஒன்றை எடுத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அதற்கு முகம் என்று ஒன்று இருக்கும். இலையின் பளபளக்கும் பக்கம் எந்தத் திசையில் அதிகமாகத் திரும்பியிருக்கிறதோ அதுதான் முகம். மரத்தில் இருந்தபோது வெயிலைப் பார்த்த பக்கம் அது. அந்த முகம் நம்மைப் பார்க்கும்படி கிளையைத் திருப்பிக்கொண்டு, அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டி, முதலில் நேராகக் குத்தி, பிறகு அடியைப் பிடித்துச் சாய்க்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சாய்த்துக் குத்தினால் ஊசி பிடிக்காது. தடித்த கிளையாக இருந்தால் அடியில் கூட்டல் குறி போலக் கீறிவிட்டால் ஊசிகள் உள்ளே இறங்கும். இதையெல்லாம் வாயால் சொல்லி வர வைக்க முடியாது. எங்கள் அக்கா சொல்லவும் மாட்டார்; பக்கத்தில் வந்து நின்று, நம் விரல் மேல் தன் விரலை வைத்து, கிளையை ஒரு நூல் திருப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ஒரு நூலில் மொத்தமும் மாறிவிடும்.

பிறகு வரும் கட்டம் எனக்கு இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமானது. இலைகளை எடுப்பது. ஒரு கிளையில் இருக்கும் இலைகளில் பாதிக்கு மேல் கிள்ளிப் போட்டால்தான் கிளையின் வளைவு வெளியே தெரியும். நம் கை பழகியிருப்பது நெருக்கத்துக்கு. மாலை என்றால் நார் தெரியக் கூடாது, பூக்கோலம் என்றால் தரை தெரியக் கூடாது, கல்யாண மேடை என்றால் துணி தெரியக் கூடாது. இங்கே வெற்றிடம் தெரிந்தாக வேண்டும். ஷின்னுக்கும் சோஎவுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காலியான காற்றும் அமைப்பில் ஒரு பகுதி. அங்கே ஒரு பூவைச் சொருகிவிடத் துடிக்கும் கையை அடக்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

எல்லோரும் முடித்ததும் வரிசையாகச் சுவரோரம் வைத்துவிட்டு ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்ப்போம். ஜப்பானிய வீடுகளில் இதற்கென்றே தொகோனோமா என்ற மாடம் இருந்தது. விருந்தாளி பாயில் உட்கார்ந்து நேரெதிரே பார்ப்பார். பின்பக்கம் யாருக்கும் தெரியாது. நம் வீட்டுக் கூடத்தில் ஒருவர் நாற்காலியில் இருப்பார், ஒருவர் தரையில் இருப்பார், சமையலறையிலிருந்து ஒருவர் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பார். அதனால் நாங்கள் முன்பக்கத்தை மட்டும் கவனித்தால் போதாது. தரையில் உட்கார்ந்தும் எழுந்து நின்றும் பார்த்த பிறகுதான் முடிந்தது என்று சொல்கிறோம். இது ஜப்பான் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல, எங்கள் கூடத்தின் தேவை.

துறவியிடமிருந்து எல்லோருக்கும்

இகெபானாவின் வேர் வழிபாட்டில் இருக்கிறது. புத்தர் சன்னிதியில் பூ வைக்கும் வழக்கம்தான் அதன் தொடக்கம். கியோட்டோ நகரில் ரொக்காகு-டோ என்ற அறுகோண வடிவக் கோயில் இருக்கிறது. அதன் குருக்கள் பரம்பரை இகெனோபோ. 1462-ல் அந்தப் பரம்பரையைச் சேர்ந்த செங்கெய் என்பவர் ஒரு சாமுராய்க்காகப் பூ அமைத்தார் என்றும், அதைப் பார்க்கக் கியோட்டோ மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றும் அக்காலத் துறவி ஒருவரின் நாட்குறிப்பு சொல்கிறது. இகெபானா வரலாற்றை இந்தக் குறிப்பிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். பூ சாமிக்கு மட்டும் என்பது மாறி, பார்ப்பதற்கென்றே ஒருவர் பூ வைத்த தருணம் அது. அந்தக் கோயிலும் அந்தப் பரம்பரையும் இன்றைக்கும் இருக்கின்றன.

நெடுங்காலம் இது ஆண்களின் கலை. துறவிகளும் பிரபுக்களும் போர்வீரர்களும் பழகினார்கள். ரிக்கா என்ற பழைய பாணியில் ஒரே கலத்தில் ஏராளமான கிளைகளை நிறுத்தி மலையும் அருவியும் சேர்ந்த ஒரு முழு நிலக்காட்சியையே எழுப்புவார்கள். தேநீர் விருந்துக் கலை வளர்ந்தபோது அதற்கு நேர்மாறாக, ஒரு கிளை, ஒரு பூ என்று சுருங்கியது. பெண்கள் பெருவாரியாக இதற்குள் வந்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியில், மெய்ஜி காலத்தில், பெண்கள் பள்ளிக்கூடங்களில் இது பாடமாக வந்த பிறகு. நம் ஊரிலும் கோயில் நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிய பண்டாரங்கள் ஆண்கள். வீட்டுத் திண்ணையில் பூத் தொடுத்தவர்கள் பெண்கள்.

அதே மெய்ஜி காலத்தில்தான் மேல்நாட்டுப் பூக்கள் ஜப்பானுக்குள் இறங்கின. பழைய ஒல்லியான கலங்களில் அவை நிற்கவில்லை. ஒஹாரா உன்ஷின் (1861-1916) என்ற கலைஞர் அகலமான தட்டையான தட்டைக் கொண்டுவந்து, அதில் பூக்களைப் பரப்பி அமைக்கும் மொரிபானா பாணியை உருவாக்கினார். 1895-ஐ அவருடைய ஒஹாரா பள்ளி தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. நாங்கள் பயன்படுத்தும் தட்டும் அந்த வழியில் வந்ததுதான். நான் உன்ஷினை மிகவும் மதிக்கிறேன். புதுப் பூ வந்ததும் அதைத் தள்ளி வைக்காமல், அதற்கு ஏற்ற கலத்தைத் தேடினாரே, அதற்காக.

1927-ல் சோஃபு தெஷிகஹாரா (1900-1979) சோகெட்சு பள்ளியைத் தொடங்கினார். யாரும், எந்த இடத்திலும், எந்தப் பொருளைக் கொண்டும் இகெபானா செய்யலாம் என்பது அவர் கட்சி. காய்ந்த வேர், இரும்புத் துண்டு, கல், எதுவும் ஆகும். அவர் மகன் ஹிரோஷி தெஷிகஹாரா, உலக சினிமா ரசிகர்களுக்கு அறிமுகமானவர்; 1964-ல் வந்த ‘வுமன் இன் த டூன்ஸ்’ படத்தின் இயக்குநர். பிற்காலத்தில் அவரே பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று, மூங்கிலை வளைத்து மனிதர்கள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய அமைப்புகள் செய்தார்.

போருக்குப் பிறகு ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கர்கள் பலர் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான எல்லன் கார்டன் ஆலன், பள்ளி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் சேரும்படி 1956-ல் டோக்கியோவில் ‘இகெபானா இன்டர்நேஷனல்’ அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவிலும் அதற்குக் கிளைகள் உண்டு. சென்னையில் ஒஹாரா பள்ளியின் கிளை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு ஜப்பான் கம்பெனிகள் வந்த பிறகு, ஜப்பானிய மொழி படிக்கும் இளைஞர்கள் வழியாகவும் இகெபானா என்ற சொல் நம் காதில் விழத் தொடங்கியிருக்கிறது.

புதுச்சேரி வழி

தமிழ் மண்ணோடு ஜப்பானியப் பூ உணர்வுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட உறவு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில் அது நடந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என்று நாம் அறிந்த மிர்ரா அல்ஃபாஸா, 1916 முதல் 1920 வரை நான்கு ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்தவர். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் இருந்துவிட்டு, 1920 ஏப்ரல் 24 அன்று புதுச்சேரிக்குத் திரும்பினார். அதன்பின் 1973-ல் மறையும்வரை அங்கேயே இருந்தார். ஜப்பானியர் எதையும் அழகாகவும் நிதானமாகவும் செய்வதைப் பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார்.

ஆசிரமத்தில் அவர் தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பூ கொடுப்பார். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் உண்டு. ஏறத்தாழ 900 பூக்களுக்கு அப்படிப் பெயர் சூட்டினார். மல்லிகைக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி, வேப்பம்பூவுக்கு ஆன்மிகச் சூழல், மரமல்லிக்கு உருமாற்றம். சாலையோரத்தில் புழுதி படிந்து நிற்கும் எருக்கம்பூவுக்கு அவர் கொடுத்த பொருள், துணிவு. நாம் பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் நினைத்துக்கொள்ளும் செடிக்கு அப்படி ஒரு மரியாதை! வேங்கிக்கால் காலி மனைகளில் எருக்கு எந்தக் கோடையிலும் வாடாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சரிதான் என்று படும்.

அன்னை செய்தது இகெபானா அல்ல. ஆனால் ஒற்றைப் பூவை எடுத்து, அது என்ன என்று உற்றுப் பார்க்கும் பழக்கம் அது. ஆரோவில் 1968-ல் உருவான பிறகு பல நாட்டு மனிதர்களோடு இகெபானாவும் அங்கே வந்து சேர்ந்தது. அன்னையின் பூக்களைப் படித்துவிட்டுத்தான் எங்களில் சிலர் இந்தக் கலையைத் தேடி வந்தார்கள்.

கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ

இகெபானா பழக வந்தவர்களிடம், “நம்மகிட்ட இல்லாததா? எதுக்கு ஜப்பான்காரன்கிட்ட கத்துக்கணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. பதிலும் நம்மிடமே இருக்கிறது.

நம் முன்னோர் பூக்களை நிறத்தாலோ மணத்தாலோ வகைப்படுத்தவில்லை. எங்கே பூக்கிறது என்பதால் வகைப்படுத்தினார்கள். மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, தரையை ஒட்டிய செடியில் பூப்பது நிலப்பூ, குளத்தில் பூப்பது நீர்ப்பூ. பெரியபுராணத்தில் வரும் திருப்புகலூர் முருக நாயனார் விடியற்காலையில் எழுந்து இந்த நால்வகைப் பூவையும் தேடிப் பறித்து, தனித்தனியாகக் கூடையில் வைத்து, விதவிதமான மாலைகள் கட்டினார். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் 99 என்பார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்களுக்கே செடிகளின் பெயர். போரில் எந்தப் பக்கம், என்ன நோக்கம் என்பதுகூட வெட்சி, கரந்தை, வஞ்சி, நொச்சி, தும்பை என்று தலையில் சூடிய பூவால் தெரிந்தது.

இகெபானாவிலும் இதே கண்தான். மரக்கிளை எது, புல் எது, நீர்ச்செடி எது என்று பிரித்துப் பார்த்து, மலையில் வளர்வதை உயரத்திலும் குளத்தில் வளர்வதைத் தண்ணீரை ஒட்டியும் வைக்கிறார்கள். எந்த மாதம் என்பது அமைப்பைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்கிறார்கள். நம்மிடம் இந்தக் கண் பாட்டில் தங்கிவிட்டது, கையிலிருந்து நழுவிவிட்டது. இன்றைக்குக் கடையில் வாங்குகிற சாமந்திக்குப் பருவமும் இல்லை, நிலமும் இல்லை. ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. இகெபானாவைப் பழகுவதால் நான் ஜப்பானை நோக்கிப் போவதாக எனக்குத் தோன்றவில்லை. கோட்டுப்பூ என்றால் என்ன என்பது எனக்கு ஒரு புங்கங்கிளையைக் கையில் பிடித்துச் சுழற்றியபோதுதான் விளங்கியது. தமிழ் வகுப்பில் அது ஒரு மனப்பாடச் சொல்லாக மட்டும் இருந்தது.

பறிக்கலாமா?

இந்த ஊரில் இந்தக் கலையைப் பழகுகிறவர்கள் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது.

இந்த மலையில் வாழ்ந்த ரமண மகரிஷியின் வாழ்க்கையில் ஒரு சம்பவம். அவர் மலைமேல் இருந்த காலத்திலிருந்தே நாள்தோறும் உணவு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எச்சம்மாள். அவர் ஒருமுறை லட்சம் இலைகளால் அர்ச்சனை செய்வதாக விரதம் எடுத்துக்கொண்டார். பாதி முடிந்த நிலையில் கோடை வந்துவிட்டது, இலை கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று ரமணரிடம் கேட்டபோது, இலை கிடைக்காவிட்டால் உன் உடம்பையே கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை செய்யலாமே என்று கேட்டாராம். வலிக்குமே என்றதும், அப்படியானால் செடிக்கு வலிக்காதா என்பதாகப் பேச்சு போனது. சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய ரமணாசிரமக் கடிதங்களில் இது இடம்பெற்றிருக்கிறது.

ஜப்பானிலும் இதைத் தொடும் கதை ஒன்று உண்டு. 16-ம் நூற்றாண்டில் தேநீர்க் கலையின் பேராசானாக இருந்தவர் சென் நோ ரிக்யூ. அவர் தோட்டத்தில் ‘மார்னிங் குளோரி’ கொடியின் பூக்கள் அற்புதமாகப் பூத்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு, நாட்டையே ஆண்ட ஹிதெயோஷி பார்க்க வந்தார். தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தவர், அங்கே ஒரே ஒரு பூ வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வாயடைத்துப்போனார். இகெபானா பற்றிப் பேசும் எல்லோரும் இந்தக் கதையைச் சிலாகிப்பார்கள். ஒற்றைப் பூவின் வலிமையைச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாதுதான். ஆனால் அருணாசலத்தின் அடிவாரத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்கும்போது, வெட்டி எறியப்பட்ட மற்ற பூக்கள் என் மனசை விட்டுப் போவதில்லை. எச்சம்மாளுக்குக் கிடைத்த பதில்தான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் இது பலமுறை விவாதமாகியிருக்கிறது. ஒரு மாலைக்குப் போகும் பூவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம் என்பது உண்மை. நாலு கிளை, மூன்று பூ, அதுவும் ஒரு வாரம் தண்ணீரில் நிற்கும். ஆனாலும் வெட்டு வெட்டுதான் என்று ஓர் ஆசிரியை விடாப்பிடியாகச் சொன்னார். அவருடைய பிடிவாதம்தான் எங்களை ஒரு நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வெட்டினால் ஊருக்கே நல்லது என்கிற செடிகளை ஏன் முதலில் எடுக்கக் கூடாது?

களைகளின் பருவம்

சீமைக்கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நீதிமன்றம் வரை போன மரம். அதன் கிளை கணுவுக்குக் கணு திசை மாறி மாறி ஓடும். முள்ளும் மெல்லிய இலையுமாக அந்தக் கோட்டைத் தட்டில் நிறுத்திப் பார்த்தால் இப்படி ஒரு வளைவு இதற்குள் இருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கும். உண்ணிச்செடி காட்டுக்குக் கேடு என்று வனத்துறையே அகற்றுகிறது. அதன் பூங்கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஒன்றாக இருக்கும். ஏரியை மூடும் வெங்காயத்தாமரையின் ஊதாப் பூ ஒரே நாளில் வாடிவிடும், ஆனால் அந்த ஒரு நாளுக்கு அதற்கு ஈடில்லை. சம்புப் புல்லின் பழுப்புக் கதிர் வாரக்கணக்கில் நிற்கும். ஏரியிலிருந்து கொண்டுவந்த வெங்காயத்தாமரையை மட்டும் வேலை முடிந்ததும் காயவைத்து உரக்குழியில் போட வேண்டும். வேறு தண்ணீரில் வீசினால் அங்கேயும் பரவிவிடும்.

மலைக்கு மேல் நாங்கள் எதையும் தொடுவதில்லை. அண்ணாமலை ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்ததும், 1980-களின் கடைசியிலிருந்து பல அமைப்புகள் மரம் நட்டு, எலுமிச்சைப்புல்லில் பிடிக்கும் கோடைத் தீயை அணைத்து அணைத்து அதைப் பச்சையாக்கியதும் எங்கள் கண்முன்னே நடந்தது. அங்கிருந்து ஒரு குச்சிகூட ஒடிக்க மனசு வராது. மகிழ மரம் அண்ணாமலையார் கோயிலின் தலவிருட்சம். அதுவும் எங்கள் தட்டுக்கு வராது, கீழே உதிர்ந்த பூவை எடுத்துத் தண்ணீரில் மிதக்க விடுவது தவிர.

மற்றபடி, தெருவே எங்கள் சந்தை. மின்கம்பியில் இடிக்கிறது என்று மின்வாரியத்தார் கழித்துப் போட்ட வேப்பங்கிளை, வேலிக்கு வைத்த கல்யாண முருங்கை, பக்கத்து வீட்டில் கத்தரித்த காகிதப்பூ. பொங்கல் சமயம் என்றால் ஆவாரை. மாசியில் கல்யாண முருங்கை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையின் நுனியில் சிவப்பாகப் பூக்கும். ஜப்பானியர்கள் பிளம் மரக்கிளைக்குக் கொடுக்கிற இடத்தை நாங்கள் அதற்குக் கொடுக்கிறோம். சித்திரையில் வேம்பும் சரக்கொன்றையும். சரக்கொன்றை மட்டும் ஷின் ஆகச் சம்மதிப்பதில்லை. அது தொங்கத்தான் செய்யும். அதற்கு உயரமான மண் குவளையை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு குச்சியைக் குறுக்காக இறுக்கி, அதில் சாய்த்து விழ விடுகிறோம். நகெஇரே என்ற பாணி இதற்கு இடம் கொடுக்கிறது.

நம் வெயிலில் சில நுணுக்கங்கள் அவசியம். காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து தண்ணீர் ஏறாது. எருக்கு, அரளி, கள்ளி போலப் பால் வடியும் செடிகளின் வெட்டிய முனையைச் சில நொடிகள் தீயில் காட்டினால் பால் நின்றுவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது நின்ற தண்ணீரைக்கூடக் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள். கோடையில் தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டும்.

கல்யாண மேடைகளில் பச்சை நிறத்தில் செங்கல் போல இருக்கிறதே ஒரு நுரைக்கட்டி, பூவைச் சொருகுவதற்கு, அதை நாங்கள் தொடுவதில்லை. அது பிளாஸ்டிக் வகை. பொடிப்பொடியாக உதிருமே தவிர மக்காது. முகூர்த்தம் முடிந்த மறுநாள் பூவோடு சேர்ந்து குப்பைக்குப் போய், அங்கிருந்து ஏரிக்கும் வயலுக்கும் போகிறது. கென்ஸான் ஒன்று வாங்கினால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும்.

அதுகூட உடனே வேண்டும் என்பதில்லை. ஆன்லைனில் கிடைக்கிறது, வரும்வரை பாட்டி காலத்துக் கல்சட்டியோ சொம்போ போதும், குறுக்குக் குச்சி ஒன்று சீவிக்கொண்டால் கிளை நிற்கும். முறையாகச் சான்றிதழோடு படிக்க நினைப்பவர்கள் சென்னைக்குப் போகத்தான் வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்க நினைப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையே காலி மனையில் ஒரு சீமைக்கருவேலங்கிளையைத் தேர்ந்தெடுக்கலாம். அடிப்பாதியில் இருக்கும் முட்களை மட்டும் முதலில் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் கிளையைச் சாய்க்கும்போது கையைக் கிழித்துவிடும்.